கன்பெஷன் ஃபார்மட் செய்யமாட்டார்

"காலை: பாஸ்வேர்டை மாற்றினேன். மதியம்: பாஸ்வேர்டை மாற்றினேன். மாலை: பாஸ்வேர்டை மாற்றினேன். பல்வலி: இன்று இல்லை."

என் டைரியில் 2003 ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்கு எதிரே இருக்கும் குறிப்பு இது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே ஒரே வார்த்தைதான் இருக்கிறது: "வந்தார்."

வந்தவர் கன்பெஷன். அப்படி ஒரு மனிதர் இனி பெங்களூரில் பிறக்கப்போவதில்லை. காக்ஸ் டவுனில் கம்ப்யூட்டர் வைத்திருந்த அத்தனை வீடுகளின் வைரஸ்களும் ரகசியங்களும் ஒரே மண்டைக்குள் இருந்தன என்றால், அது அவர் மண்டை. அதிலிருந்து ஒரு சொல்கூட வெளியே சிந்தியதில்லை. அதே தெருக்களில் நோட்டும் பேனாவுமாகப் பல வருடம் அலைந்து, எந்த வீட்டில் யார் எப்போது குடிவந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தவன் நான். எனக்கு வயிறு எரிந்ததில் ஆச்சரியம் இல்லை. இன்றும் முழுதாக அணைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கக் கோயிலில் ஒரு மூலையில் மரக்கூண்டு இருக்கும். உள்ளே சாமியார், வெளியே பாவி, நடுவே தட்டி. பாவி தன் பாவங்களைச் சொல்வார்; அதுதான் கன்பெஷன், பாவசங்கீர்த்தனம். சாமியார் மன்னித்து, சின்னதாக ஒரு தண்டனையும் கொடுப்பார். அதற்கு 'அபராதம்' என்று பெயர். காசு அல்ல, பெரும்பாலும் ஜெபம். கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது.

நம் ஆள் சாமியார் அல்ல. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, உலகத்திலுள்ள எந்தக் கணினியும் தன்னிடம் பொய் சொல்ல முடியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு பழைய மொபெட்டில் சுற்றியவர். வீட்டுக்குள் வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். ஒரு நாற்காலியைத் திரைக்கு முன்னால் போட்டுக்கொள்வார். தன் முதுகுக்குப் பின்னால் துணி உலர்த்தும் ஸ்டாண்டை நிறுத்தி, அதன்மேல் ஒரு குளியல் துண்டைத் தொங்கவிடுவார். துண்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி. வீட்டில் மவுஸைத் தொட்ட ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து அதில் உட்கார்ந்து, எதை எதை கிளிக் செய்தோம் என்று சொல்லவேண்டும்.

"நான் மூஞ்சிய பாக்கமாட்டேன். மானிட்டரத்தான் பாப்பேன். கதவ சாத்திட்டு வாங்க" என்பார்.

மற்ற டெக்னீஷியன்கள் வந்ததும் ஃபார்மட் செய்துவிட்டுப் போவார்கள். அதாவது கணினியில் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. கன்பெஷனுக்கு அந்த வார்த்தையே ஆகாது. "பாவம் பண்ணவன சாகடிச்சிட்டா பாவம் போயிடுமா? பாவத்த மட்டும் எடுக்கணும். அதுக்கு எந்த வழியா வந்துச்சுன்னு தெரியணும்" என்பது அவர் கட்சி.

இதில் என்ன வினோதம் என்றால், கிளிக்கைச் சொல்ல உட்கார்ந்தவர்கள் கிளிக்கோடு நிறுத்தவில்லை. நகரின் தென்பக்கம் அடுகோடியில் ஒரு லேத் பட்டறை முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததை நான் கேள்விப்பட்டேன். எங்கள் தெரு ஸ்டெல்லா டீச்சர் விஷயத்தைக் கண்ணாலேயே பார்த்தேன். அவர் தாத்தா எப்போது காக்ஸ் டவுனுக்கு வந்தார் என்று கேட்டு நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றாம் முறை கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "அடுப்புல பால் வச்சிருக்கேன் சார்" என்றார். அதே டீச்சர் கன்பெஷனிடம் ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பேசினார். நான் எதிர்வீட்டு வாசலில் நின்றேன். பால் பொங்கிய வாசனை ஏதும் வரவில்லை.

அதனால்தான் எங்கள் வீட்டுக் கணினிக்கு ஆபத்து வந்தபோதும் அவரைக் கூப்பிடக்கூடாது என்று தீர்மானமாக இருந்தேன்.

ஆபத்து வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. பங்குச் சாமியார் ஃபோன் செய்தார்.

"சார், உங்க ஈமெயில்லேர்ந்து எனக்கு ஒண்ணு வந்திருக்கு. 'அழகிகள் படம் பார்க்க இங்கே தட்டவும்'னு போட்டிருக்கு."

"ஃபாதர்! நான் அனுப்பல!"

"நானும் தொறக்கல" என்றார் அவர். குரலைத் தாழ்த்தி, "உதவிச் சாமியார் தொறந்துட்டார். இப்ப கோயில் கம்ப்யூட்டரும் எழுந்திருக்கல" என்றார்.

அடுத்தடுத்து ஃபோன்கள். காக்ஸ் டவுனின் வரலாறு எழுதுகிறேன் என்று ஆஸ்திரேலியா, கனடா வரை போய்விட்ட பழைய தெருக்காரர்களையெல்லாம் என் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தேன். பாட்டிமார் உட்பட அத்தனை பேருக்கும் அழகிகள் போயிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை பாஸ்வேர்டை மாற்றினேன். என் பாஸ்வேர்டுகள் எப்போதும் தேதிகள். மறக்க முடியாதவை, மற்றவர்களுக்கு நினைவில் இருக்காதவை. மதியம் மறுபடியும் ஃபோன்: "அங்கிள், இப்ப லாட்டரி விழுந்திருக்குன்னு அனுப்பியிருக்கீங்க." வேறு தேதிக்கு மாற்றினேன். மாலையில் ஏதோ மாத்திரை விற்பனைக்கு என்று என் பெயரில் போக, மூன்றாம் தடவையும் மாற்றினேன். என்ன மாத்திரை என்பதை எழுதுவதற்கில்லை.

கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒருவர் வந்தார். எட்டிப் பார்த்தார். "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்றார்.

அந்தப் பெட்டிக்குள் ரெஜியின் கடிதங்கள் இருந்தன. ரெஜி என் பள்ளித் தோழன்; ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் குடிபெயர்ந்தவன். வாரம் ஒரு மெயில் எழுதுவான். ரயில்வே கேட் மூடும்போது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு குனிந்து ஓடியது, பேக்கரிக்காரர் உடைந்த பிஸ்கட்டைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தது என்று அவன் எழுதாதது இல்லை. தேதிகள் மட்டும் எப்போதும் தப்பாக இருக்கும். முந்தைய வருடம் இறந்துவிட்டான். மெயில்கள் எங்கள் கணினியில் இறங்கியதும் இணையத்திலிருந்து அழிந்துபோகும்படி வைத்திருந்தேன். ஆகவே அவை உலகத்தில் வேறு எங்கும் இல்லை. வெளியே எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். "எடுத்தா வைரஸும் கூடவே வரும் சார்" என்றார் கடைக்காரர்.

அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். என் மனைவி பிலோ பின்னால் வந்து நின்றாள்.

"கன்பெஷன கூப்பிடுங்க."

"அந்த ஆளயா? கூண்டு கட்டி ஊர்வம்பு கேக்கறவன்."

"ஊர்வம்பு கேட்டு எழுதி வைக்கறது யாரு?" என்றாள். "அவர் கேக்கறதோட சரி."

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அவர் வந்தார். ஒல்லி, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை, மார்பில் குறுக்காக ஒரு துணிப்பை, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் விற்பார்களே அது. அதற்குள் சி.டி.க்கள். முதல் காரியமாகக் கணினிக்கு இணையம் கொண்டுவரும் டெலிஃபோன் ஒயரைப் பிடுங்கினார்.

"இதான் தொப்புள்கொடி. இது இருக்கறவரைக்கும் திருடன் வீட்டுக்குள்ளதான் உக்காந்திருக்கான்."

"நான் நேத்து மூணு தரம் பாஸ்வேர்ட மாத்தினேன்" என்றேன் பெருமையாக.

"எந்த கம்ப்யூட்டர்ல?"

"இதுலதான்."

"உள்ள ஒருத்தன் ஒக்காந்து நீங்க அடிக்கற ஒவ்வொரு எழுத்தயும் எழுதிக்கிட்டிருக்கான் சார். நீங்க மூணு தரம் பூட்ட மாத்தி, மூணு தரமும் சாவிய அவன் கையில குடுத்திருக்கீங்க. மொதல்ல அவன வெளிய தள்ளணும். பூட்டு அப்பறம்." சொல்லிவிட்டுத் துண்டைத் தொங்கவிட்டார். "அம்மா மொதல்ல வாங்க."

பிலோ ஏதோ அத்தை வீட்டுக்குப் போவதுபோல் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. நான் வராந்தாவில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. அப்புறம் என் மனைவி சிரித்தாள்.

இதை நான் விளக்கவேண்டும். பிலோ சிரிக்காதவள் அல்ல. என்னோடு சிரிப்பாள், என்னைப் பார்த்துச் சிரிப்பாள். ஆனால் அன்று கேட்டது கல்யாணத்துக்கு முன்பு அவள் தோழிகளோடு சிரித்த சிரிப்பு. கோயில் வாசலில் நான் தள்ளி நின்று கேட்ட சிரிப்பு. அது அவளிடம் இன்னும் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"தண்ணி…"

"பேடா சார், வேணாம்" என்று உள்ளிருந்து கன்னடம் கலந்த குரல் வந்தது. "மிஷின் சுத்தமாகற வரைக்கும் பச்சத்தண்ணிகூட தொடமாட்டேன். உங்க டர்ன் வரும். போய் ஒக்காருங்க."

அடுத்தது என் மகள் ஷீலா. டிகிரி கடைசி வருடம். வீட்டில் என்னிடம் ஒரு நாளைக்கு அவள் பேசும் வாக்கியங்கள்: "டாடி, லேட்டாகும்", "டாடி, டயலப்ப கட் பண்ணுங்க." அவள் போனவள் வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. முகம் மட்டும் மழை விட்ட தெரு மாதிரி இருந்தது.

"என்னம்மா கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கல டாடி. 'ம்'னு சொன்னார்."

என் முறை வந்தபோது நான் ஒரு முடிவோடு போனேன். நான் எதையும் திறக்கவில்லை. ஆகவே சொல்லவும் ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக அவரைப் பேட்டி எடுத்துவிடுவது. பிறந்த வருடம், சொந்த ஊர், காக்ஸ் டவுனுக்கு வந்த தேதி. பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

துண்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவர் முதுகின் மேல்பாதியும் நரைத்த பின்னந்தலையும் தெரிந்தன.

"நான் எதையும் கிளிக் பண்ணல" என்றேன்.

"ம்."

"என் பொண்டாட்டி எதுக்குச் சிரிச்சா?"

"அது மிஷின்ல இல்ல சார்."

"நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

"ம்" என்றார். அதோடு நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அந்த 'ம்' ஒரு கிணறு. நானாக அதற்குள் ஏதாவது போடவேண்டும்போல் இருந்தது. ரெஜியின் கடிதங்கள் உள்ளே இருப்பதைச் சொன்னேன். அவன் ஏர்போர்ட் கிளம்பிய நாளைச் சொன்னேன். சைக்கிளைச் சொன்னேன். ஏப்ரலில் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது, அதில் ஏதோ சந்தேகமாக இருக்கிறது என்று டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பியது, ஒன்றுமில்லை என்று தெரியும்வரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது, எழுதிவரும் வரலாற்றை யார் முடிப்பார்கள் என்று நினைத்தது, அதை யாரிடமும் சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. வராந்தாவுக்கு வந்து காற்று வாங்கிய பிறகுதான் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை என்பது தெரிந்தது. ஊர்க்கதை மொத்தமும் போயிற்று. கடைசியில் என் கதையையும் வாங்கிக்கொண்டார்.

பிறகு வேலை தொடங்கியது. கணினியைச் 'சேஃப் மோட்' என்ற நிலையில் எழுப்பினார். எழுத்துகள் பெரிதாகி, திரை வெளிறி, காய்ச்சலில் கிடக்கும் ஆள்போல் அது விழித்தது. பையிலிருந்து ஒரு சி.டி.யைப் போட்டார். வேறொரு சுத்தமான மிஷினில் அன்று காலைதான் புதுப்பித்து எடுத்து வந்த ஆன்டிவைரஸ் என்றார். அது ஒவ்வொரு ஃபைலாகத் தடவிக்கொண்டு போயிற்று.

மதியம் தாண்டியது. சமையலறையிலிருந்து கோலா உருண்டைக் குழம்பு வாசனை வந்தது. எங்கள் வீட்டில் அது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும். ஜூன் மாதத்தில், ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, முதல் முறையாக வீட்டுக்கு வந்த ஆளுக்கு. அவரோ விரதம். அவர் சாப்பிடாமல் எங்களுக்கும் பிலோ போடமாட்டேன் என்றுவிட்டாள். உருண்டைகள் ஊறின, நானும் ஊறினேன்.

பசி உச்சத்துக்கு வந்த நேரம் கணினி 'பீப்' என்றது.

"ஆயித்து, முடிஞ்சுது. வந்துட்டாரு ஐயா" என்றார் கன்பெஷன்.

நான் குனிந்து பார்த்தேன். மெழுகுவர்த்தி! யாரும் தொடாமல் விட்டால் எங்கள் திரையின் மூலையில் ஒரு சின்ன மெழுகுவர்த்தி எரியும். சுடர் ஆடும், மெழுகு வழியும். கம்ப்யூட்டரோடு வந்ததாக்கும் என்று நினைத்திருந்தேன். பார்க்க நன்றாகவும் இருந்தது.

"யாரோ ஃபார்வர்ட் அனுப்பியிருக்காங்க" என்றார். "'உங்கள் வேண்டுதலுக்காக இந்த மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்'னு. ஏத்தினதும் வத்தியோட திருடனும் எறங்கிட்டான். அதுலேர்ந்து நீங்க அடிக்கறதெல்லாம் எழுதி அனுப்பிட்டிருக்கான்."

"எங்க வீட்ல யாரு இத ஏத்தினது?" என்றேன். என் குரல் எனக்கே போலீஸ் குரலாகக் கேட்டது.

கன்பெஷன் மானிட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வைரஸ் எந்த வழியாக வந்தது என்பது காலையிலிருந்தே அவருக்குத் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. துண்டுக்கு அந்தப் பக்கம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் அந்த ஃபைலின் மேல் மவுஸை வைத்து, அது இந்தக் கணினியில் இறங்கிய நாள் தெரியும்படி திறந்து வைத்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "கால் மரத்துப்போச்சு" என்று எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

தேதியைப் பார்த்தேன். மற்றவர்களுக்கு அது எண். எனக்குத் தேதிகள் எண்கள் அல்ல. ஏப்ரல். தவக்காலம். ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவுக்காக நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ஒன்று. நேரம் சாயங்காலம், பகலெல்லாம் என்னோடு இருந்த பிலோ வீட்டுக்குப் போய், ஷீலா அங்கிருந்து கிளம்பி வரும் நேரம். இருவரில் ஒருவர் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து, எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்.

"எடுத்துடட்டுமா சார்?" என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே.

"எடுத்துடுங்க" என்றேன். ஆனால் அந்தத் தேதியை இன்னொரு முறை படித்த பிறகுதான்.

சுடர் போயிற்று. ரெஜியின் கடிதங்கள் ஒன்றுவிடாமல் இருந்தன, தப்பான தேதிகளோடு. இரண்டாம் முறை தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்று ஆன பிறகே டெலிஃபோன் ஒயரைச் செருகினார்.

"இப்ப மாத்துங்க பாஸ்வேர்ட. தேதி வேணாம். உங்க தேதிங்க ஊருக்கே மனப்பாடம்."

அவர் முதுகைக் காட்டி நின்றுகொள்ள, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேதியில்லாத ஒன்றை அடித்தேன். நிர்வாணமாக நிற்பதுபோல் இருந்தது. பாஸ்வேர்டு மறந்தால் கேட்கப்படும் ரகசியக் கேள்வியையும் மாற்றச் சொன்னார்.

"'பிறந்த ஊர்?'னு கேட்டா பொய் சொல்லுங்க."

"கன்பெஷன்ல ஒக்காந்துகிட்டு பொய் சொல்லச் சொல்றீங்களே?"

"மிஷினுக்குச் சொல்ற பொய் மேல கணக்குல ஏறாது."

கடைசியாக மெயிலின் செட்டிங்கைத் திறந்தார். எனக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் பெயர் தெரியாத ஒரு முகவரிக்குத் தானாகப் போகும்படி திருடன் வைத்திருந்தான். அதையும் நீக்கினார். காக்ஸ் டவுன் வரலாறு சம்பந்தப்பட்ட கடிதங்களையெல்லாம் என்னைத் தவிர உலகத்தில் ஒருவன் பெற்றிருக்கிறான் என்றால் அவன்தான். படித்தானா என்று தெரியவில்லை.

கன்பெஷன் கை கழுவிவிட்டு உட்கார்ந்து ஏழு உருண்டை சாப்பிட்டார். கிளம்பும்போது ஆளுக்கு ஓர் அபராதம் விதித்தார். பெண்கள் இருவருக்கும் காதோடு சொன்னார். எனக்கு உரக்கவே சொன்னார்:

"மெயில் போன எல்லாருக்கும் மன்னிப்பு கேட்டு எழுதுங்க. அப்பறம், ஒரு வாரத்துக்கு யாரோட தேதியயும் திருத்தக்கூடாது."

பிலோ வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வாரம் நான் பட்ட பாடு தனி. ஸ்டெல்லா டீச்சர் தெருவில் என்னை நிறுத்தி, "எங்க தாத்தா ப்ளேக் வந்தப்பவே இந்த வீட்ட கட்டிட்டார்" என்றார். 1898-ல் வந்த ப்ளேக் முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் அந்த வரிசையே எழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "ம்" என்றேன். டீச்சர் அன்று என்னைக் கேட்டுக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, தாத்தாவின் கதையை முழுக்கச் சொன்னார். அவர் சொன்ன வருடம் தப்பு. இன்றும் தப்புதான். கதை அருமையாக இருந்தது.

மெழுகுவர்த்தியைப் பற்றிப் பிலோவிடம் பிறகு கேட்டேன்.

"சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்லியாச்சு. ஒரே பாவத்த ரெண்டு தரம் சொல்லக்கூடாதுங்க" என்றாள்.

இப்போது கனடாவில் இருக்கும் ஷீலா, "அது சீல் வச்சாச்சு டாடி" என்றாள்.

சில வருடங்களில் கன்பெஷன் காலமானார். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு இதில் பாதி வருமா? லேத் பட்டறை முதலாளி, துணிக்கடை பாய், ஸ்டெல்லா டீச்சர், உதவிச் சாமியார். ஒவ்வொருவரும் மற்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்து, 'நீயுமா?' என்பதுபோல் நின்றார்கள். பெட்டியின் மேல் அவருடைய உண்மையான பெயர் எழுதியிருந்தது. பக்கத்தில் பிறந்த தேதியும் இருந்தது. இரண்டையும் குறித்துக்கொண்டேன். இங்கே எழுதவில்லை. அவர் யாருடையதையும் சொன்னதில்லை.

கல்லறைத் திருநாளன்று காக்ஸ் டவுன்காரர்கள் தங்கள் குடும்பக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். நான் ஒன்றைத் தனியாகச் சட்டைப் பையில் எடுத்துப் போய் அவருக்கு ஏற்றுவேன். ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தைவிடச் சீக்கிரம் கிளம்புகிறேன். இதுவரை முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்ததில்லை. எப்போது போனாலும் அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் வந்து அதை ஏற்றுவது யார் என்பது இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.